கல்வெட்டைப் படித்தவர் பெயர் கட்டுரையில் இல்லை: என்ன செய்யலாம்?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இது.

தமிழ்த்துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர். நான்காவது ஆண்டு நடக்கிறது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் வரும் நிலக்கொடைச் சொற்கள் பற்றிய ஆய்வு. மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. இரண்டு ஆண்டுக்கு முன்னால் அதே பல்கலைக்கழகக் கணினித்துறைப் பேராசிரியர் ஒருவர் இவருடைய நெறியாளர் மூலமாக அணுகுகிறார். கல்வெட்டுப் படத்தைக் கொடுத்தால் எழுத்தை அடையாளம் கண்டு சொல்லும் மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம், தரவு வேண்டும் என்கிறார். இவர் ஊர் ஊராகப் போய், கல்லின் மேல் தாள் வைத்து மை ஒற்றி எடுத்த மைப்படிகளின் படங்கள், வரிக்கு வரி வாசிப்பு, பக்கத்தில் குறிப்பு என 312 கல்வெட்டுகளை எக்செல் கோப்பில் கொடுக்கிறார். பெரும்பாலானவை இதுவரை அச்சில் வராதவை. கணினித்துறை மாணவர்களோடு பல நாள் உட்கார்ந்து, மென்பொருள் தப்பாகப் படித்த இடங்களைத் திருத்தியும் தருகிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. "பேப்பர் வரும்போது பாத்துக்கலாம்மா" என்ற வாய்ப்பேச்சு மட்டும்தான்.

பேப்பர் வந்துவிட்டது. ஐந்து ஆசிரியர்கள்: கணினித்துறைப் பேராசிரியர், அவருடைய மாணவர்கள் இருவர், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், ஐந்தாவதாக இவருடைய நெறியாளர். இவர் பெயர் கடைசியில் நன்றியுரையில், "தரவு உள்ளீட்டில் உதவியவர்" என்று. 312 கல்வெட்டுகளும் குறிப்புகளோடு, மென்பொருளையும் தரவையும் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு, அந்த ஐவர் பெயரில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கேட்டதற்குப் பேராசிரியர், "எங்க ஃபீல்டுல மாடல் செஞ்சவங்க பேர்தான் வரும்" என்றாராம். நெறியாளர், "இதைப் பெரிசு பண்ணாதே, வைவா முடியட்டும்" என்றாராம். வைவா என்பது ஆய்வேட்டின் மீது நடக்கும் வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

வாசகி கேட்பவை: காப்புரிமை (காப்பிரைட்) வழக்குப் போடலாமா? உதவித்தொகை வாங்குவதால் எல்லாமே பல்கலைக்கழகத்துக்குத்தான் சொந்தமா? ஒரு வாக்கியம்கூடக் காப்பி அடிக்கவில்லையே, இதைக் கருத்துத் திருட்டு என்று சொல்ல முடியுமா? இதே வாசிப்புகளை ஆய்வேட்டில் வைத்தால் மென்பொருள் என்னையே திருடி என்று காட்டிவிடுமா? தோழி சொல்வதுபோல ஃபேஸ்புக்கில் எழுதிவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இணைத்திருந்த எக்செல் பக்கங்களைத்தான் முதலில் பார்த்தேன். உங்கள் தரப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது. நீங்களோ கடிதத்தில் அதை "நான் டைப் செய்து கொடுத்த டேட்டா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். 47-ஆவது வரிசையில் உங்கள் குறிப்பு இப்படி இருக்கிறது: "யாண்டு என்பதற்குப் பின் வருவது அகரம் அல்ல, எட்டு என்னும் எண். அடுத்து ஆவது வருகிறது." கல்வெட்டு படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய தமிழ் எண்களில் எட்டு பார்ப்பதற்கு அகரம் மாதிரியே இருக்கும். ஒன்று ககரம் மாதிரி, ஆறு 'சு' மாதிரி. அரசன் பெயருக்குப் பிறகு 'யாண்டு' வந்தால் அடுத்தது ஆட்சியாண்டு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் அந்தக் கோடுகளை எட்டு என்று படிப்பார். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல நிற்கும். கல்லில் 'குடுதத' என்று இருப்பதை எங்கே ஒற்றாக்கிப் படிப்பது என்று ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள். சில இடங்களில் இரண்டு வாசிப்பையும் கொடுத்து, எது பொருந்துகிறது, ஏன் என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள்.

இதை டைப்பிங் என்று நீங்களே சொன்னால் மற்றவர்கள் ஏன் மறுக்கப்போகிறார்கள்? இனி யாருக்கு எழுதினாலும் "வாசித்தேன், சிதைந்த இடங்களை மீட்டேன், மென்பொருளின் பிழைகளை வகைப்படுத்தித் திருத்தினேன்" என்று செய்ததைச் செய்தபடி எழுதுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் வரும் விதிகள் பலவும் இந்த வேறுபாட்டில்தான் தொங்குகின்றன.

"எங்கள் துறையில் அப்படித்தான்" என்பது எவ்வளவு உண்மை?

பாதி உண்மை. யார் ஆசிரியர் என்பதில் துறைக்குத் துறை வழக்கம் மாறும். உங்கள் துறையில் கட்டுரைக்கு ஒருவர்தான் ஆசிரியர், நெறியாளருக்கு நன்றி சொல்வதோடு சரி. கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை, அங்கே முதல் பெயருக்குத் தனிப் பெருமை கிடையாது. ஆய்வக அறிவியலில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுக் குழுவின் தலைவருடையது. துகள் இயற்பியல் தனி உலகம். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து சொல்லி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான்! கணினித்துறையில் படங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுப்பவர்களைக் கட்டுரை ஆசிரியராகச் சேர்ப்பதில்லை என்பதும் உண்மையே. பேராசிரியர் உங்களையும் அந்தக் கணக்கில் வைத்துவிட்டார்.

ஆனால் துறை வழக்கத்துக்கு மேலே எழுதப்பட்ட விதிகளும் இருக்கின்றன. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிகளைத்தான் மற்றத் துறைகளும் அடிக்கடி மேற்கோள் காட்டும். ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைப் பெறுவதிலோ, அலசுவதிலோ, பொருள் காண்பதிலோ கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரைக்குப் பொறுப்பேற்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். "நீ கட்டுரையை எழுதவில்லையே" என்று உங்களிடம் சொல்லக்கூடும். அதற்குப் பதிலும் அதே விதியில் இருக்கிறது: முதல் தகுதி உள்ளவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்பே தராமல் வைத்துவிட்டு, அதையே காரணம் காட்டி அவரை நீக்கக் கூடாது.

கணினி, மின்னணுத் துறைகளின் பெரிய அமைப்பான ஐ.இ.இ.இ.யின் விதி இதைவிடக் கறாரானது. தரவைச் சேகரித்துக் கொடுத்ததை அது தனியாகச் சொல்லவில்லை. கோட்பாட்டிலோ, வடிவமைப்பிலோ, தரவை அலசிப் பொருள் காண்பதிலோ கணிசமான அறிவுப் பங்களிப்பு வேண்டும் என்கிறது. டைப்பிங் என்று எழுதாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தக் கட்டுரை வந்த இதழ் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று அதன் தளத்தில் பார்த்துவிடுங்கள், அங்கே இருக்கும் சொற்களையே உங்கள் கடிதத்தில் பயன்படுத்துங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒரு முன்னுதாரணம் நம் ஊரோடு தொடர்புடையது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொகுத்த அடைவு, அதாவது எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியல், 1977-இல் வெளிவந்தது. 2009-இல் அந்த எழுத்துத் தொடர்களைக் கணினி வழியே ஆராய்ந்த கட்டுரை ஒன்று 'சயின்ஸ்' இதழில் வந்தது. எழுதியவர்களில் கணினி அறிவியலாளரும் இயற்பியலாளர்களும் இருந்தார்கள். அந்த ஆசிரியர் பட்டியலில் மகாதேவன் பெயரும் இருக்கிறது. அவருடைய அடைவு முப்பது ஆண்டுக்கு முன்பே நூலாக வந்துவிட்ட ஒன்று, மேற்கோளோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுடையது அச்சிலேயே வராத தரவு. மேற்கோள் காட்ட ஒரு நூல்கூட இல்லாத நிலையில் உங்களுக்கான அங்கீகாரம் ஆசிரியர் பட்டியலில்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்காக முதல் பெயரைக் கேட்காதீர்கள். மென்பொருளைக் கட்டியது அந்த மாணவர்கள், அதில் சந்தேகம் இல்லை. அவர்களில் ஒருவருக்கு இந்தக் கட்டுரையை வைத்துத்தான் பட்டம் கிடைக்கப்போகிறது.

காப்புரிமை எதைக் காக்கும்?

கல்வெட்டின் வாசகத்துக்கு யாருக்கும் காப்புரிமை இல்லை, ராஜராஜனே வந்து கேட்டாலும். உங்கள் வாசிப்புக்கும் குறிப்புக்கும் உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்பதற்குள் தொகுப்புகளையும் கணினித் தரவுத்தளங்களையும் சேர்க்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளைப் பதிப்பிக்கும் நிறுவனம் தொடுத்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து, ஆனால் பதிப்பாசிரியர் திறமையையும் தீர்மானத்தையும் செலுத்திச் சேர்த்த பகுதிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத்தன்மை வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் 47-ஆவது வரிசை இந்தச் சோதனையில் தேறும். எளிதாகப் படிக்கக்கூடிய கல்வெட்டை அப்படியே எடுத்தெழுதிய வரிசைகள் தேறுவது கஷ்டம்.

இஸ்ரேலில் இதற்கு வெகு அருகில் ஒரு வழக்கு நடந்தது. சாக்கடல் அருகே கிடைத்த பழங்காலச் சுவடிகளான சாக்கடல் சுருள்களில் ஒன்றின் சிதைந்த துண்டுகளைச் சேர்த்து, விடுபட்ட இடங்களை நிரப்பி, வாசகத்தை மீட்டவர் எலிஷா கிம்ரோன் என்ற மொழியறிஞர். அவர் வெளியிடுவதற்கு முன்பே 1991-இல் அமெரிக்காவில் அந்த வாசகம் ஒரு நூலில் வெளியாகிவிட்டது. முன்னுரையில் மூத்த அறிஞர் ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் 'ஒரு சகாவுடன்' இதைச் செய்தார் என்று எழுதியிருந்தார்கள். கிம்ரோன் வழக்குப் போட்டார். மீட்டெடுத்த வாசகத்துக்கு அவரே ஆசிரியர் என்று 1993-இல் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம் ஒரு லட்சம் ஷெகல் இழப்பீடு தரச் சொன்னது. 2000-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இந்திய நீதிமன்றத்தை இது கட்டுப்படுத்தாது. இங்கே வாதிட உதவும், அவ்வளவுதான். தீர்ப்பு வந்தபோது பல அறிஞர்கள் இதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகத்தை மீட்பவருக்கெல்லாம் உரிமை கொடுத்தால் அடுத்த ஆராய்ச்சியாளர் எதைத் தொட்டு எழுதுவார் என்று கேட்டார்கள். நாளைக்கு நீங்களும் இன்னொருவர் வாசிப்பை எடுத்துத் திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கேள்வியில் உள்ள நியாயம் உங்களுக்குப் புரியும்.

அடுத்தது உதவித்தொகை. வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம் என்ற விதி பணி ஒப்பந்தத்துக்கு உரியது. ஆய்வு உதவித்தொகை பொதுவாகச் சம்பளம் ஆகாது. அதனால் எல்லாமே பல்கலைக்கழகத்துக்குத்தான் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். ஆனால் சேரும்போது கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் அறிவுசார் சொத்துக் கொள்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்ற உறுதிமொழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், "பாத்துக்கலாம்மா" போதாது. அப்படியே எழுதிக் கொடுத்திருந்தாலும் சட்டத்தின் 57-ஆவது பிரிவு தரும் உரிமை உங்களிடம்தான் இருக்கும். 'இதைச் செய்தது நான்' என்று கோரும் உரிமை அது. பதிவு செய்யவில்லையே என்றும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை.

இவ்வளவு இருந்தும் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரையைப் பொறுத்தவரை உங்கள் காப்புரிமை வாதம் பலவீனமானது. அவர்கள் உங்கள் தரவைக் கொண்டு மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், கட்டுரைக்குள் உங்கள் எழுத்து நாலைந்து எடுத்துக்காட்டுகளில்தான் வருகிறது. கிட்ஹப்பில் ஏற்றியதைப் பொறுத்தவரை வாதம் வலுவானது, அங்கே உங்கள் குறிப்புகள் முழுதாக, வேறு ஐவர் பெயரில் கிடக்கின்றன. இழப்பீடு கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கவும் முடியும். அந்தக் கதவு இன்று மூடவில்லை, ஆறு மாதத்திலும் மூடாது. ஆய்வேடு கையில் இருக்கும்போது அதைத் தட்ட வேண்டாம்.

முதலில் ஆய்வேடு

மென்பொருள் உங்களையே திருடி என்று காட்டிவிடுமா என்ற கேள்வி நான்காவதாக வந்திருந்தாலும் அவசரம் அதற்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை இன்னொன்று, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்கள் கணக்கில் சேராது. கல்வெட்டு வாசகங்களை மேற்கோளாக, எண்ணும் இடமும் குறித்துக் கொடுங்கள். அந்த இயலின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு வையுங்கள்: இந்த வாசிப்புகள் எந்தக் காலத்தில், எந்தக் கோயில்களில் உங்களால் செய்யப்பட்டவை, இவற்றில் 312 பின்னர் இன்ன கட்டுரையில் பயன்படுத்தப்பட்டுள்ளன. கட்டுரையின் பெயரையும் தளத்தையும் மறைக்காமல் அங்கேயே சுட்டிவிடுங்கள். மறைத்து வைத்து வைவாவில் யாராவது கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆதாரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னால் பருவந்தோறும் வைத்த முன்னேற்ற அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கட்டுரைக்கு முந்தைய தேதியுள்ள அறிக்கையில் இந்த வாசிப்புகள் இருந்தால், குழுவின் கையெழுத்தோடு கூடிய அந்தத் தாளுக்கு எதிராக யாரும் பேச முடியாது. நீங்கள் கோப்பு அனுப்பிய மின்னஞ்சல்கள், டிரைவில் உள்ள திருத்த வரலாறு, களப்பணி நோட்டு, பஸ் டிக்கெட் உட்பட எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு பட்டியலாக்குங்கள்.

நெறியாளரிடம் பேசுவது

இதுதான் கஷ்டமான பகுதி. சுமார் இருபது வாசிப்புகளை அவர் திருத்தினார் என்று நீங்களே நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு பங்களிப்புதான். இருபதைத் திருத்தியவர் பெயர் பட்டியலில் வரும், 312-ஐயும் படித்தவர் பெயர் வராது என்பதற்கு அவராலேயே நியாயம் சொல்ல முடியாது. அது அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும், அதனால்தான் "பெரிசு பண்ணாதே" என்கிறார் என்பது என் ஊகம்.

அவர் பெயரை நீக்கச் சொல்லிப் போகாதீர்கள், உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் போங்கள். தனியாக, துறையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் பேசுங்கள். "சார், நீங்களும் அந்தப் பேப்பர்ல ஒரு ஆசிரியர். திருத்தம் கேட்டு இதழுக்கு எழுத உங்களால முடியும். என் பெயரைச் சேர்க்க நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க" என்ற அளவில் போதும். பேசி முடித்த அன்று மாலையே, சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் பேசியதை எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம், நன்றியோடு எழுதுங்கள்.

நெறியாளரை மாற்றலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். சமர்ப்பிக்க ஆறு மாதம் இருக்கும்போது வேண்டாம். கையெழுத்துப் போட மறுத்தாலோ வேண்டுமென்றே இழுத்தடித்தாலோ மட்டும் அதை யோசிக்கலாம். அப்படி ஆனால் 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு விதிகள் இருக்கின்றன. குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள், அதற்கு இதழின் ஆசிரியர் விதியில் எந்த வரி பொருந்துகிறது, என்ன கேட்கிறீர்கள், இவ்வளவுதான். இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். ஒன்று, திருத்த அறிவிப்பு வெளியிட்டு உங்களை ஆசிரியராகச் சேர்ப்பது. இரண்டு, கிட்ஹப்பில் உள்ள தரவுத் தொகுப்புக்கு உங்களை முதல் ஆசிரியராகக் குறிப்பது, அதைப் பயன்படுத்துவோர் எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று எழுதி வைப்பது. பதில் தர மூன்று வாரம் கொடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால், உங்கள் இடத்தில் நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வேன். கணினிக் கட்டுரைகள் இரண்டு மூன்று ஆண்டில் பழசாகிவிடும், அடுத்த மென்பொருள் வந்துவிடும். நன்றாகப் படிக்கப்பட்ட 312 கல்வெட்டுகளை அதற்குப் பிறகும் ஆட்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். தரவுத் தொகுப்பை மட்டுமே விவரிக்கும் கட்டுரைகளுக்கென்று தனி இதழ்கள் இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எந்த முறையில் வாசித்தீர்கள், ஐயம் உள்ள இடங்களை எப்படிக் குறித்தீர்கள் என்று உங்கள் பெயரிலேயே ஒன்று எழுதலாம். நெறியாளர் திருத்திய இருபதை அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

உரிமத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதை இதற்குள் பலர் இறக்கியிருக்கலாம். கிட்ஹப்பிடம் புகார் கொடுத்து நீக்க வைக்க வழி உண்டு, அமெரிக்கச் சட்டப்படி நடக்கும் நடைமுறை அது. நீக்கினால் உங்கள் பெயரோடு அது பரவும் வாய்ப்பும் சேர்ந்தே போய்விடும். பெயரைச் சேர்க்க மறுத்தால் மட்டும் அந்த வழியை எடுங்கள்.

அதற்கும் மேலே

பதில் வராவிட்டால் இரண்டு இடங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குள் துறை அளவிலான கல்வி நேர்மைக் குழு ஒன்றும் நிறுவன அளவிலான குழு ஒன்றும் இருக்க வேண்டும் என்பது 2018 விதி. ஆதாரத்தோடு துறைக் குழுவில் புகார் கொடுத்தால் 45 நாளுக்குள் அது நிறுவனக் குழுவுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். துறைத்தலைவர்தான் அதற்குத் தலைவர். புகார் அவர் மேலேயே என்றால் அவர் அந்தக் கூட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டும்.

வாக்கியம் எதையும் காப்பி அடிக்கவில்லையே என்று நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் பதில். அந்த விதிகளின்படி மற்றவரின் வேலையையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது கருத்துத் திருட்டு. வாக்கியம் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், தண்டனைப் பட்டியல் முழுக்க ஒப்புமை விழுக்காட்டை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் விஷயத்தில் விழுக்காடு சொற்பமாகத்தான் வரும், "ஒன்றுமில்லை" என்று கோப்பை மூடிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் புகாரில் தண்டனையைக் கேட்காமல், பெயர்த் திருத்தத்துக்குப் பரிந்துரையைக் கேளுங்கள். நன்றியுரையில் பெயர் இருப்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் வாதிடலாம். அந்த நன்றியுரை உங்களுக்குத்தான் ஆதாரம். தரவு உங்களிடமிருந்து வந்தது என்று அவர்களே அச்சில் ஒப்புக்கொண்டது அது.

இன்னொரு இடம் இதழின் ஆசிரியர். அவருக்கு எழுதினால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள் என்று நீங்கள் நம்புவது போலத் தெரிகிறது. அப்படி நடக்காது. ஆசிரியர் யார் என்பது மட்டுமே தகராறு, முடிவுகள் சரியானவை என்றால் திரும்பப் பெறுவது பொதுவாகப் பொருந்தாது என்பதுதான் பதிப்பு நெறிக் குழுவான 'கோப்' (COPE) அமைப்பின் வழிகாட்டல். இதழ்கள் நீதிபதி வேலை பார்ப்பதில்லை. எல்லா ஆசிரியர்களும் சம்மதித்தால் திருத்தம் போடும், இல்லையென்றால் பல்கலைக்கழகத்தை விசாரிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். உள்ளே புகார் கொடுத்த எண்ணோடு இதழுக்கு எழுதினால் கடிதத்துக்கு எடை கூடும். அந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். தரவு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

ஃபேஸ்புக் வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவின் கீழ் அவதூறு இன்றும் குற்றம்தான். உண்மையைப் பொதுநலனுக்காகச் சொன்னேன் என்பது விதிவிலக்கு, ஆனால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் கோர்ட்டுக்கு அலைந்து. அதைவிட முக்கியம், பதிவு போட்ட அன்றே பேச்சு உங்கள் தரவைவிட்டு உங்கள் நடத்தைக்கு மாறிவிடும்.

விட்டுவிடலாமா என்றும் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அதுவும் ஒரு வழிதான், ஆய்வேடு முடியும்வரை தள்ளிப்போட்டால் உங்களைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேராசிரியருக்கான அந்த ஒரு பக்கக் கடிதத்தையாவது இப்போதே அனுப்பிவிடுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் "அப்போது சம்மதமாகத்தானே இருந்தீர்கள்" என்பார்கள்.

உங்கள் இரண்டு தனிக் கட்டுரைகளில் நெறியாளர் தன் பெயரையும் சேர்க்கச் சொல்வதைப் பற்றி: யு.ஜி.சி. விதிகளில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளோ கட்டுரை வெளியிடுவதையே கட்டாயமாக்கவில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். விதி இல்லையென்றால் அவர் திருத்தியதற்கு நன்றி சொல்லி, தனி ஆசிரியராகவே அனுப்பலாம். கல்வெட்டுக் கட்டுரை விவகாரம் பேசி முடியும்வரை இந்த இரண்டையும் இதழுக்கு அனுப்பாமல் வைத்திருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு முனையில் அவரோடு மோத வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாம் பல்கலைக்கழக முகவரியில் இருக்கின்றன என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. பட்டம் முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடக்கூடும். இந்த வாரமே எல்லாவற்றையும், அனுப்பியவரையும் தேதியையும் காட்டும் தலைப்பு விவரங்களோடு இறக்கி, சொந்தக் கணக்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மைப்படிகளின் மூலத்தாள்கள் துறை அலமாரியில் இருந்தால் அவற்றையும் படம் எடுத்துவிடுங்கள்.